கப்பலில் ஊதிய பெரட்டுச் சங்கு

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் எஞ்சின் பார்க்கிறவர். மூத்த பையனுக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. அட்டன் டவுனைத் தாண்டினால் எனக்கு அது வெளிநாடு. அப்படிப்பட்ட நான் புருஷன் பிள்ளையோடு ஒரு கப்பலில் குடித்தனம் நடத்தினேன் என்று சொன்னால் இன்றைக்கும் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கப்பலுக்குப் போனவள் நான், அவர்கள் இல்லை.

அது ஒரு மிஷன் கப்பல். பல தேசத்துக் கிறிஸ்தவர்கள் குடும்பம் குடும்பமாக அதில் குடியிருந்தார்கள். போகிற துறைமுகமெல்லாம் மருந்து கொடுப்பார்கள், கண் பார்ப்பார்கள், புத்தகம் கொடுப்பார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. சாப்பாடும் படுக்க ஓர் அறையும்தான். எஞ்சின் பழுதாகி அது கொழும்பில் நின்றபோது, கப்பல்காரர்கள் சிலர் மருந்துப் பெட்டிகளோடு எங்கள் தோட்டத்து வேதக் கோயிலுக்கு வந்தார்கள். வரும் வழியில், ஏற்றத்தில், அவர்களுடைய வேன் மூச்சை விட்டுவிட்டது. என் வீட்டுக்காரர் ஸ்டோரிலிருந்து ஒரு பழைய பெல்ட்டை எடுத்துப் போய் அதை ஓட வைத்தார். அவ்வளவுதான். இந்தக் கை எங்கள் கப்பலுக்கு வேண்டும் என்று அவர்கள் எங்கள் கோயில் போதகரைப் பிடித்துக்கொண்டார்கள். போதகர் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையிடம் பேசினார். மழைக்காலம் முடியும்வரை லீவு கிடைத்தது.

"நான் மட்டும் போயிட்டு வந்துர்றேன் புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க போற எடத்துல எங்க ரெண்டு பேருக்கும் சோறு போட மாட்டாங்களா? போனா மூணு பேரும் போவோம். இல்லாட்டி நீங்களும் போக வேணாம்" என்றேன். நான் கொஞ்சம் அப்படித்தான்.

லயத்து வரிசை வீட்டில் ஒற்றைக் காம்பராவில் இருந்து பழகியவளுக்குக் கப்பல் அறை ஒன்றும் சின்னதாகத் தெரியவில்லை. லயம் தரையில் நிற்கும், இது தண்ணீரில் நிற்கிறது, அதுதான் வித்தியாசம். மேலே ஓடிய குழாயில் என் பழைய சேலையைக் கட்டிப் பையனுக்குத் தொட்டில் போட்டேன். துறைமுகத்தில் தண்ணீர் லேசாக அசையும்போது தொட்டில் தானாகவே ஆடும். ஆட்டிவிட ஆள் வேண்டாம், தாலாட்டும் வேண்டாம். இதைப் பார்த்துவிட்டு வெள்ளைக்காரத் தாய்மார்கள் ஒவ்வொருத்தியாக வந்து, எனக்கும் கட்டிக் கொடு என்று கையைக் காட்டிக் கேட்டார்கள். கடைசியில் தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பொது அறையிலும் என் சேலைகள்தான் தொங்கின. எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவே கப்பலுக்குள் வந்துவிட்டதுபோல் எனக்கு ஒரே பெருமை.

எனக்குத் துணி துவைக்கிற இடத்திலும் சமையல் கட்டிலும் வேலை. அங்கே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது ஒன்றுதான். சாப்பிட்ட தட்டுகளை முறை வைத்துக் கழுவுவார்கள். அந்த முறை கேப்டனுக்கும் உண்டு. முதல் நாள் அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றபோது நான் பதறிப்போய் அவர் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. தட்டு உடைந்தது. எங்கள் பெரிய துரை தட்டுக் கழுவுவதை நினைத்துப் பார்த்து அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். நான் தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் செய்த நாளில் கப்பலே கண்ணீர் விட்டது. ஆனாலும் சட்டி காலி.

அங்கே எனக்கு நெருக்கமானவள் கப்பல் டாக்டரின் மனைவி, ஒரு நார்வேக்காரி. அவளுக்கு என் பையன் வயதில் ஒரு பெண் குழந்தை. இருவரும் ஒரே தொட்டியில் துணி அலசுவோம். அவளுக்கு நான் 'தண்ணி', 'வா', 'போதும்', 'தங்கச்சி' சொல்லிக் கொடுத்தேன். அவள் என்னைத் தங்கச்சி என்பாள், நான் அவளை அக்கா என்பேன். மற்றதெல்லாம் கை ஜாடைதான். பேச்சில்லாமலே எத்தனை வம்பு பேசலாம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எஞ்சின் சரியானதும் கப்பல் திருகோணமலைக்குப் புறப்பட்டது. புறப்படுகிற முன், ஆபத்துக் காலத்தில் என்ன செய்வது என்று எல்லாரையும் கூட்டி இங்கிலீஷில் சொன்னார்கள். மறுநாள் சாயங்காலம் சங்கு ஊதி அதற்குப் பயிற்சி என்றும் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அறைக்கு வந்ததும் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல புள்ள. சங்கு ஊதுனா தண்ணியில மெதக்குற அந்தத் தக்கச் சட்டைய மாட்டிக்கிட்டு மேல போயி வரிசையா நிக்கணும். பேர் கூப்புடுவாங்க. நம்ம பெரட்டு மாதிரிதான்" என்றார்.

அட, இவ்வளவுதானா என்று தூங்கிவிட்டேன். பெரட்டை எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற இடம். இருட்டோடு ஸ்டோரில் முதல் சங்கு ஊதும். எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, தேயிலைச் சாயம் ஊற்றிக் குடித்து, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, தூங்குகிற பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பனிக்குள் ஓடுவோம். பிள்ளைக் காம்பராவில் பிள்ளையைப் போட்டுவிட்டு இரண்டாம் சங்குக்குள் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பிந்தினால் கணக்கப்பிள்ளை, "இன்னைக்கி ஒனக்குப் பேர் இல்ல, லயத்துக்குப் போ" என்று எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்புவார், அன்றைய கூலி போச்சு. சில நாள் அங்கே பிள்ளை பார்க்கிற ஆயா வந்திருக்க மாட்டாள். பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, விழுந்து எழும்பி வெளியே வந்துவிடாதபடி கதவுக்குக் கொக்கி போட்டுவிட்டு ஓடுவோம். ஆயா எப்படியும் வந்துவிடுவாள். என் தாய் என்னை அப்படித்தான் விட்டுவிட்டு ஓடினாள். சங்குச் சத்தம் காதில் விழுந்தால் மூளை யோசிக்காது, கால்தான் யோசிக்கும்.

மறுநாள் காலை. சுற்றிலும் கடல். அறையில் பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது. விட்டு விட்டு, ஓயாமல் ஊதியது. சாயங்காலம் என்றார்களே, அதற்குள் ஊதிவிட்டார்களே என்று எனக்கு எரிச்சல். சோற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு பையனை இடுப்பில் தூக்கினேன். நேரே பிள்ளைகள் அறைக்கு ஓடினேன். அங்கே யாருமில்லை. தொட்டில்கள் காலியாக ஆடிக்கொண்டிருந்தன. ஆயா இன்னும் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது! பையனைத் தொட்டிலில் போட்டேன், அழுதான். கதவைச் சாத்தி வெளியே கொக்கியை மாட்டினேன். தக்கைச் சட்டையைப் படங்குபோல் இடுப்பில் கட்டிக்கொண்டு இரும்புப் படியில் ஏறி ஓடினேன்.

எங்கள் வரிசையில் நான்தான் முதல் ஆள். நிமிர்ந்து நின்றேன். இன்றைக்குப் பேர் நிச்சயம்.

பிறகுதான் மற்றவர்கள் ஏறி வந்தார்கள். ஒருத்தி கையில் ஒன்று, முதுகில் ஒன்று. இன்னொருத்தி தூங்குகிற பிள்ளையைப் போர்வையோடு வாரிக்கொண்டு வந்தாள். ஆண்கள் தோளில் பிள்ளைகள். நார்வேக்காரி தன் மகளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். பெரட்டுக்கு எதற்குப் பிள்ளைகளைக் கொண்டுவருகிறார்கள், இவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று நான் மனதுக்குள் சிரித்தது இப்போதும் நினைவிருக்கிறது.

பேர் கூப்பிட்ட அதிகாரி என் முன்னால் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். என் வெறும் கைகளைப் பார்த்தார். "பேபி?" என்றார்.

"புள்ளக் காம்பராவுல பத்தரமா விட்டுட்டு வந்திட்டேங்க. கொக்கியும் போட்டுட்டேன்" என்றேன், கொக்கி போட்டதைக் கையால் செய்தும் காட்டினேன்.

அவர் முகம் வெளுத்தது. அப்போதுதான் கீழே போகிற படியிலிருந்து கறுப்பாகப் புகை வருவதைப் பார்த்தேன். எண்ணெய் கருகிய நாற்றம். சமையல் கட்டில் தீப்பிடித்திருக்கிறது. பிள்ளைகள் அறை அதற்கு அடுத்த வரிசை. இது பயிற்சி இல்லை, பெரட்டும் இல்லை என்று என் மர மண்டைக்கு அந்த நொடியில் விளங்கியது.

நான் போட்ட கூச்சலை நானே அதற்கு முன் கேட்டதில்லை. படியை நோக்கிப் பாய்ந்தேன். இரண்டு பேர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்காரரோ கீழே எஞ்சின் அறையில், நெருப்புக்குத் தண்ணீர் அடிக்கிற பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அதிகாரி யாரையோ கத்திக் கூப்பிட்டார்.

நார்வேக்காரி யாருக்கும் காத்திருக்கவில்லை. அந்த வாரம் பிள்ளைகள் அறையைப் பார்த்துக்கொள்கிற முறை அவளுடையது. கொக்கி எங்கே, தொட்டில் எங்கே என்று இருட்டிலும் அவளுக்குத் தெரியும். நெஞ்சில் கட்டியிருந்த மகளை அவிழ்த்தாள். என்னைப் பிடித்திருந்தவர்களை ஒதுக்கிவிட்டு, குழந்தையை என் கைகளில் வைத்து, என் கைகளை அதைச் சுற்றி மடக்கிவிட்டாள். "தங்கச்சி" என்றாள். முந்தானை இல்லாதவள், பாவாடையைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு புகைக்குள் இறங்கிவிட்டாள்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஜெபம் பண்ண வாய் வரவில்லை. அந்தக் குழந்தை என் காதைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அதை நான் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். என்னை அப்போது யாரும் பிடித்திருக்கவில்லை. ஆனால் கையில் பிள்ளை இருக்கும்போது எப்படி ஓடுவது? நின்றேன்.

புகைக்குள்ளிருந்து முதலில் இருமல் வந்தது. பிறகு என் சேலை வந்தது. தொட்டிலை அவிழ்க்கக்கூட நிற்காமல் சேலையோடு பிய்த்து, பையனை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவள் முகமெல்லாம் கரி. மூட்டையைத் திறந்தால் என் மகன் ஒரு பக்கக் கன்னத்தில் காய்ந்த சோற்றோடு வீரிட்டு அழுதான். அந்த அழுகையைவிட இனிமையான சத்தம் எனக்கு இன்றுவரை கேட்டதில்லை.

தீ சீக்கிரமே அடங்கிவிட்டது. சமையல் கட்டின் ஒரு சுவர் கறுத்ததோடு சரி.

பிறகு சாப்பாட்டு அறையில் கேப்டன் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஏச்சு விழும் என்று குனிந்திருந்தேன். அவர் ஏசவில்லை. ஏன் பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டாய் என்று மட்டும் கேட்டார். வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த ஸ்டோர் இங்கிலீஷில் சொன்னார்: எங்கள் தோட்டத்தில் சங்கு ஊதினால் தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நிற்க வேண்டும். கேப்டனுக்கு அவருடைய இங்கிலீஷில் சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் அதே பதில்தான்.

அங்கிருந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பரிதாபம். "எங்க புள்ளக் காம்பராவுல பாலெல்லாம் குடுப்பாங்கன்னு சொல்லுங்க!" என்று வீட்டுக்காரர் தொடையில் இடித்தேன். அவர் சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. பிறந்ததிலிருந்து கேட்ட சங்கு அது. அதில் கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது என்றே எங்கள் இருவருக்கும் அதுவரை தெரியாது.

நெருப்பு வந்துவிட்டதால் பயிற்சியை விட்டுவிடுவார்களா? சாயங்காலம் சொன்னபடி சங்கு ஊதினார்கள். நான் பையனை இறுக்கிய இறுக்கில் அவன் மூச்சுத் திணறி அழ, அந்த அழுகையோடு மேலே வந்து நின்றேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

திருகோணமலையில் பொம்பளைகள் கப்பல் ஏணியில் ஏறப் பயந்து கீழேயே நின்றார்கள். "பயப்படாம வாங்கம்மா, நானே ஏறிட்டேன், நீங்க ஏற மாட்டீங்களா?" என்று மேலே நின்று கூப்பிடுவதுதான் எனக்கு வேலை. மருந்துக்கு வருகிற தாய்மார்களின் பிள்ளைகளை வாங்கி வைத்துக்கொள்வேன். அங்கேதான் ஒரு நாள், துணி அலசுகிறபோது, நார்வேக்காரி ஒரு போட்டோவைக் காட்டினாள். பள்ளிக்கூடச் சட்டை போட்ட ஒரு பையன். யார் என்று ஜாடையில் கேட்டேன். தன் வயிற்றைத் தொட்டாள். பிறகு கடலைக் காட்டி, தூரம், தூரம் என்று கையை வீசினாள். மூத்த மகனை ஊரில் விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்திருக்கிறாள். ஈரக் கையைக் குவித்து வாயில் வைத்து, சங்குபோல் "பூம்" என்று மெதுவாக ஊதினாள். வானத்தைக் காட்டினாள். தன்னையே காட்டினாள். அவளுக்கும் ஒரு சங்கு ஊதியிருக்கிறது, மேலேயிருந்து. அதற்கு மேல் முடியாமல் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். அன்றைக்குத் துணி காய லேட்டாகிவிட்டது.

மழைக்காலம் முடிந்து கப்பல் கொழும்புக்கு வந்தது. அடுத்து மதராஸ், அதற்கப்பால் எங்கெங்கோ. கூடவே வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு ஆசைதான். ஆனால் நாங்கள் அப்போது எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லை. பிறந்த மண் எங்களை எழுதிக்கொள்ளவில்லை, பாட்டன் பிறந்த இந்திய மண்ணுக்கு எங்களைத் தெரியாது. பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவது? ஏணியில் இறங்கும்போது நார்வேக்காரி அந்தச் சேலையைத் துவைத்து மடித்துக் கொடுத்தாள். எத்தனை துவைத்தும் புகை வாசம் போகவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாளே முதல் சங்கு ஊதியது. ரொட்டி தட்டினேன், படங்கு கட்டினேன், பையனைக் கம்பளியில் சுற்றித் தூக்கினேன். கால் பிள்ளைக் காம்பராப் பக்கம் போகவில்லை. நேரே பெரட்டுக் களத்தில் போய்ப் பிள்ளையோடு நின்றேன்.

"என்னா புள்ள, மகனுக்கும் பேர் போடணுமா?" என்று கங்காணி கேட்டார். களமே சிரித்தது.

"போடுங்களேன், ஒங்க பேரனுங்களவிட நல்லாத்தான் கொழுந்தெடுப்பான்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. கணக்கப்பிள்ளை முறைத்ததும் பையனைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வந்தேன். வேறென்ன செய்ய முடியும்? மலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஆனால் அன்றைக்குக் கொழுந்து கிள்ளிய கை என் கையாகவே இல்லை.

சில வருஷம் கழித்துப் பிள்ளைக் காம்பரா ஆயா வேலை காலியானபோது நானாகவே போய்க் கேட்டேன். கொழுந்தெடுப்பதில் கெட்டிக்காரி, உனக்கு எதற்கு இந்தப் பீத்துணி வேலை என்று வேலைக்கு ஆள் போடுகிற கண்டாக்கு ஐயா கேட்டார். "பரவால்லீங்கய்யா, எனக்கு அதுதான் வேணும்" என்றேன். ஓய்வு பெறுகிறவரை அதுதான் என் வேலை. முதல் சங்குக்கு முன்பே போய்க் கதவைத் திறந்து விளக்கை ஏற்றிவிட்டு வாசலில் நிற்பேன். பனிக்குள்ளிருந்து தாய்மார்கள் ஓடி வருவார்கள். "மெதுவா வாங்கடி, நான் இருக்கேன்ல" என்று சத்தம் போடுவேன். அந்தக் கதவில் கொக்கி இருந்த இடத்தில் வெறும் ஆணி ஓட்டைதான் இருந்தது. கொக்கியைப் பிடுங்கிப் போட்டவள் நான்தான்.

என் மகனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. எங்கேயாவது சங்குச் சத்தம் கேட்டால் என் கை தானாக அவன் சட்டையைப் பிடிக்கும், அவன் சிரிப்பான். அவனைக் காப்பாற்றியவளை அதன் பிறகு நான் பார்க்கவே இல்லை. அவள் புகைக்குள் இறங்கியதை எல்லாரும் பெரிதாகச் சொல்வார்கள். பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் என் மனதில் நிற்பது அதற்கு முந்தின ஒரு நொடி: பெற்ற பிள்ளையையே விட்டுவிட்டு வந்து நிற்கிறவள் நான் என்று தெரிந்த பிறகுதான், அவள் தன் பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.